மாபெரும் பிரமிடு: அளவும் கட்டுமானமும்

எகிப்தின் பிரமிடுகளைப் பற்றி வகுப்பறையில் பேசத் தொடங்கும் ஆசிரியரிடம் மாணவர் எழுப்பும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “ஐயா, இவற்றை மனிதர்கள்தாம் கட்டினார்களா?” இக்கேள்வி நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. இரும்புக் கருவிகள் புழக்கத்திற்கு வராத, பளுதூக்கி இயந்திரங்கள் தோன்றாத காலத்தில் மலைபோல் ஒரு கட்டடம் எழுந்தது எனில், அது எவ்வாறு என்று வியப்பது இயல்பே. அவ்வியப்புக்கு நாம் விடை தராவிடில், வேற்றுக்கோளிலிருந்து வந்தோர், மறைந்துபோன மாய நாகரிகங்கள் என்னும் கதைகள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. அக்கதைகள் அறிவியலுக்கு மட்டும் இழுக்குச் செய்வன அல்ல. கல்லை வெட்டியும் இழுத்தும் அடுக்கியும் உழைத்த மக்களின் பெருமையையும் அவை பறித்துவிடுகின்றன.

எனவே, பிரமிடு எவ்வளவு பெரிது, எவ்வாறு கட்டப்பட்டது, யார் கட்டினார்கள் என்னும் மூன்று வினாக்களையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும், நாம் அறிந்தது யாது என்பதோடு, எதைக் கொண்டு அதை அறிந்தோம் என்பதையும் காண்போம். மாணவருக்கு இரண்டாவது செய்தியே முதன்மையானது.

1. எவ்வளவு பெரிது?

கெய்ரோ நகருக்கு மேற்கே, பாலைவனத்தின் விளிம்பில், கீசா என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் உள்ளது. அதன்மேல் எகிப்தின் நான்காம் அரசமரபைச் சேர்ந்த குஃபு, காஃப்ரே, மென்கவுரே ஆகிய மூன்று மன்னர்களின் பிரமிடுகள் நிற்கின்றன. அவற்றுள் பெரியது குஃபுவினுடையது. இன்றைக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அதனையே ‘மாபெரும் பிரமிடு’ என்று வழங்குகிறோம்.

கட்டி முடித்தபோது அதன் உயரம் ஏறக்குறைய 146.6 மீட்டர். உச்சிக்கல்லும் மேலடுக்குகள் சிலவும் இன்று இல்லாமையால் உயரம் 138.5 மீட்டராகக் குறைந்துள்ளது. அடித்தளம் ஒரு சதுரம். பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230.3 மீட்டர். ஒப்பீடு ஒன்று கூறின் இவ்வளவு மனத்தில் பதியும். சிங்கப்பூரின் டக்ஸ்டன் பகுதியிலுள்ள 50 மாடி வீவக அடுக்குமாடிக் கட்டடங்களின் உயரம் 156 மீட்டர். மாபெரும் பிரமிடு அவற்றைவிடப் பத்து மீட்டர்தான் தாழ்ந்தது. ஆயின் அதன் அடித்தளமோ 5.3 ஹெக்டர் பரப்புடையது. ஏழு காற்பந்துத் திடல்களை அதனுள் அடக்கிவிடலாம்.

கூம்பக வடிவின் கன அளவு, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் கிடைப்பது. மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்: 230.3 × 230.3 × 146.6 ÷ 3. விடை ஏறத்தாழ 2.6 மில்லியன் கன மீட்டர். இதனுள் சுமார் 2.3 மில்லியன் கற்கள் இருக்கலாம் எனவும், ஒரு கல்லின் சராசரி எடை 2.5 டன் எனவும் மதிப்பிடுகின்றனர். இங்கிலாந்தின் லிங்கன் தேவாலயக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் எழும்வரை, 3,800 ஆண்டுகளுக்கு மேலாக, மனிதர் கட்டியவற்றுள் இதுவே உயரமானதாக இருந்தது.

அளவைவிட வியப்புக்குரியது துல்லியம். 1925ஆம் ஆண்டில் செய்யப்பட்ட நில அளவையின்படி, நான்கு பக்கங்களுள் மிக நீண்டதற்கும் மிகக் குறுகியதற்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அஃதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. பக்கங்கள் உண்மையான வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குத் திசைகளை நோக்கியுள்ளன. அதில் உள்ள பிழை ஒரு பாகையில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கே. வெளிப்பக்கத்தில் பதிக்கப்பட்ட வெண்ணிறச் சுண்ணாம்புக்கற்களில் சில அடிப்பகுதியில் எஞ்சியுள்ளன. 1880களின் தொடக்கத்தில் அவற்றை அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சராசரியாக அரை மில்லிமீட்டர் இடைவெளியே கண்டார்.

இத்தகைய துல்லியத்தைக் காண்போர், “முதல் முயற்சியிலேயே இது எவ்வாறு கைகூடியது?” என்று கேட்பதுண்டு. உண்மையில் இது முதல் முயற்சியன்று. அதற்கு முன் இருந்த வரலாறே நம் முதற்சான்று.

2. பிழைகளின் வழியே கற்றது

எகிப்தியர் தொடக்கத்தில் மன்னரையும் உயர்குடியினரையும் அடக்கம் செய்த இடத்தின்மேல், சுடாத செங்கல்லால் தாழ்வான நீள்சதுர மேடை ஒன்றை அமைத்தனர். அரபு மொழியில் வாயிற்புறத்து இருக்கைத் திண்ணையைக் குறிக்கும் ‘மஸ்தபா’ என்னும் சொல்லே இன்று அதற்குப் பெயர். கி.மு. 27ஆம் நூற்றாண்டில் ஜோசர் என்னும் மன்னருக்காகச் சக்காராவில் எழுப்பப்பட்ட கட்டடம் இம்மரபில் பெருந்திருப்பமாக அமைந்தது. மேடைமேல் மேடையாக, மேலே செல்லச்செல்லச் சிறுத்து, ஆறு படிகளாக ஏறக்குறைய 62 மீட்டர் உயர்ந்த படிப் பிரமிடு அது. செங்கல்லுக்கு மாறாகக் கல்லையே முழுதும் பயன்படுத்திய முதற்பெருங்கட்டடமும் அதுவே. அதனை வடிவமைத்தவராக இம்ஹோதெப் என்பாரை மரபு கூறும். அதன் கற்கள் சிறியவை. செங்கல்லை அடுக்கிப் பழகிய கைகள் கல்லைச் செங்கல்போல் கையாண்டதை அவற்றில் காணலாம்.

ஜோசருக்குப் பின் வந்த நான்காம் அரசமரபின் முதல் மன்னர் ஸ்நெஃபெரு. குஃபுவின் தந்தையான இவரது ஆட்சியிலேயே படிப் பிரமிடு, சாய்வான நான்கு பக்கங்களையுடைய பிரமிடாக மாறியது. அம்மாற்றம் எளிதில் நிகழ்ந்துவிடவில்லை. மெய்தூம் என்னுமிடத்தில் படிப் பிரமிடாக எழுந்த ஒன்றன் படிகளைப் பின்னர்க் கல்லால் நிரப்பிச் சாய்வாக்கினர். புறத்தே சேர்த்த பகுதி உட்பகுதியோடு சரியாகப் பிணையவில்லை. பிற்காலத்தில் அது சரிந்து, இன்று இடிபாட்டுக் குவியலின் நடுவே ஒரு கோபுரம் போன்ற உட்கருவே எஞ்சி நிற்கிறது.

அடுத்து, தாஷூரில் ஸ்நெஃபெரு எழுப்பிய பிரமிடு நமக்கு இன்னும் தெளிவான பாடம். அதன் கீழ்ப்பகுதி சுமார் 54 பாகைச் சாய்வில் எழுகிறது. பாதி உயரத்தை நெருங்கும்போது சாய்வு திடீரென 43 பாகையாகக் குறைகிறது. அதனால் பக்கங்கள் வளைந்தனபோல் தோன்றும். ‘வளைந்த பிரமிடு’ என்னும் பெயரும் அதனால் வந்ததே. காரணம் அதன் உள்ளே காணப்படுகிறது. அடிநிலம் உறுதியற்றது, எடை ஏறஏற அறைகளில் வெடிப்புகள் தோன்றின. வெடிப்புகளுக்குப் பூச்சிட்டனர், அறையைத் தாங்கத் தேவதாரு மர உத்தரங்களைக் குறுக்கே கொடுத்தனர். அம்மரங்கள் இன்றும் அங்கே உள்ளன. எஞ்சிய பகுதியின் எடையைக் குறைக்கவே சாய்வைத் தணித்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மூன்றாவதாக எழுந்த ‘சிவப்புப் பிரமிடு’ தொடக்கத்திலிருந்தே 43 பாகைச் சாய்வில் அமைந்தது. முன்னர்க் கற்களை உட்புறம் சாய்த்து அடுக்கியவர்கள், இங்கே கிடைமட்டமாக வரிசை வரிசையாக அடுக்கினர். 105 மீட்டர் உயரத்தில் வழுவின்றி நிறைவுற்ற முதல் உண்மையான பிரமிடு இது. ஸ்நெஃபெருவின் மூன்று பிரமிடுகளிலும் அடங்கிய கல்லின் கன அளவு சுமார் 3.5 மில்லியன் கன மீட்டர். மகனது மாபெரும் பிரமிடைவிடத் தந்தை கட்டியதே மிகுதி.

ஆகவே குஃபுவின் கட்டடக் கலைஞர்கள் வேலையைத் தொடங்கியபோது, அவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுக் கால அனுபவம் இருந்தது. உறுதியான பாறைமேட்டைத் தேர்ந்தனர். கற்களைக் கிடைமட்டமாக அடுக்கினர். அதன் பின்னரே மீண்டும் செங்குத்தான சாய்வுக்குத் துணிந்தனர். சரிந்த மெய்தூமும் வளைந்த தாஷூரும் இன்றி கீசா இல்லை. வானிலிருந்து வந்த அறிவுக்குப் பயிற்சிக் காலம் தேவைப்பட்டிருக்காது. வெடிப்புக்குப் பூச்சிடும் தேவையும் எழுந்திருக்காது.

3. முழமும் கையகலமும்

எகிப்தியர் பயன்படுத்திய அளவு ‘அரச முழம்’. நம் முன்னோரின் முழத்தைப் போலவே உடலிலிருந்து பிறந்த அளவு இது. நீளம் ஏறத்தாழ 52.4 சென்டிமீட்டர். ஒரு முழத்திற்கு ஏழு கையகலம். ஒரு கையகலத்திற்கு நான்கு விரல். இவ்வளவையில் மாபெரும் பிரமிடின் பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். மீட்டரில் பின்னங்களாகத் தெரியும் அளவுகள் அவர்களுடைய முழத்தில் முழு எண்களாக அமைவதைக் காண்க.

சாய்வை அவர்கள் பாகையில் கூறவில்லை. ஒரு முழம் மேலே ஏறுவதற்குள் பக்கம் எத்தனை கையகலம் உள்வாங்குகிறது என்பதே அவர்களின் சாய்வளவு; அதற்குச் ‘செகெத்’ என்று பெயர். பிரமிடின் செகெத்தைக் காணும் கணக்குகள், பிற்காலத்தில் எழுதப்பட்டு இன்று ரைண்டு பாப்பிரஸ் என வழங்கும் கணித ஏட்டில் உள்ளன. மாபெரும் பிரமிடில் பாதிப் பக்கம் 220 முழம், உயரம் 280 முழம். 220ஐ 280ஆல் வகுத்து, ஏழால் பெருக்கினால் ஐந்தரை வரும். அதாவது, ஒரு முழம் ஏற ஐந்தரைக் கையகலம் உள்வாங்க வேண்டும். எழுத்தறியாத கல்தச்சர்கூட ஒரு மரச்சட்டத்தில் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லிலும் சரிபார்க்கக்கூடிய எளிய விதி இது.

இவ்விதி, பலரை மயக்கிய ஒரு புதிரையும் அவிழ்க்கிறது. மாபெரும் பிரமிடின் சுற்றளவை உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் 22/7 வருகிறது. வட்டத்தின் ‘பை’ மதிப்பை இக்கட்டடத்தில் மறைத்துவைத்துள்ளனர் என்று இதைக் கொண்டு எழுதப்பட்ட நூல்கள் பல. கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். எந்தப் பிரமிடிலும் சுற்றளவு என்பது பாதிப் பக்கத்தின் எட்டு மடங்கு. ஆகவே அவ்வகுத்தல், செகெத்தை நான்கால் பெருக்கி ஏழால் வகுப்பதற்கே சமம். செகெத் ஐந்தரை எனில், 4 × 5½ = 22; ஏழால் வகுக்க 22/7. ஏழு கையகலம் கொண்ட முழமும் ஐந்தரை என்னும் சாய்வும் சேர்ந்ததால் விளைந்த தற்செயல் அது. அருகிலுள்ள காஃப்ரேயின் பிரமிடில் செகெத் ஐந்தேகால். அதே கணக்கை அங்கே செய்தால் விடை 3. அதனை மறைபொருள் என்று எவரும் கூறக் காணோம்.

திசையைக் காண அவர்கள் வானத்தை நாடினர். இன்றைய துருவ நட்சத்திரம் அக்காலத்தில் வடதுருவத்தில் இருக்கவில்லை. எனினும், துருவத்தைச் சுற்றிவரும் விண்மீன் ஒன்று எழும் திசையையும் மறையும் திசையையும் குறித்து, இடையிலுள்ள கோணத்தை இருகூறாக்கினால் உண்மையான வடக்கு கிடைக்கும். நட்டுவைத்த கோலின் நிழலைக் கொண்டும் அதனைக் காணலாம். இவற்றுள் எம்முறையைக் கையாண்டனர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எம்முறைக்கும் வேண்டுவன கயிறும் கோலும் பொறுமையுமே.

4. கல் வந்த வழி

உட்பகுதிக் கற்களுள் பெரும்பாலானவை தொலைவிலிருந்து வந்தவை அல்ல. அவை வெட்டியெடுக்கப்பட்ட கற்குழி, பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தொலைவில் இன்றும் காணப்படுகிறது. சுண்ணாம்புக்கல் ஓரளவு மென்மையானது. செப்பு உளியாலும் கற்சம்மட்டியாலும் சுற்றிலும் வாய்க்கால்போல் வெட்டி, அடியைப் பிளந்து கல்லைப் பெயர்த்தனர். வெளிப்பக்கத்திற்கு வேண்டிய நேர்த்தியான வெண்கல், நைல் ஆற்றின் கீழ்க்கரையிலுள்ள துரா கற்குழியிலிருந்து படகில் வந்தது. மன்னரின் அறையை அமைத்த செந்நிறக் கிரானைட்டுக் கற்கள் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கேயுள்ள அஸ்வானிலிருந்து ஆற்றோடு வந்தன. கிரானைட்டில் செப்பு உளி ஏறாது. அதைவிடக் கடினமான டோலரைட்டுக் கல்லுருண்டைகளால் இடித்து இடித்து உருவாக்கினர். செப்பு வாளின் அடியில் மணலைத் தூவி, மணலின் உராய்வால் அறுத்தனர்.

அக்காலத்தில் நைல் ஆறு பிரமிடுகளுக்கு இன்றுள்ளதைவிட மிக அருகில் ஓடியது. வறண்டு மண்மூடிப்போன ஆற்றுக்கிளை ஒன்று, கீசா முதல் தெற்கே 31 பிரமிடுகளை ஒட்டி, சுமார் 64 கிலோமீட்டர் நீளத்திற்குச் சென்றதை 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. கட்டடம் எழுந்த இடத்தருகே துறைமுகமும் இருந்தது என்க.

தரையில் கல்லை இழுத்தது சக்கரமில்லா மரச் சறுக்குச்சட்டம். இதற்கு ஓவியச் சான்று உண்டு. கி.மு. 1900ஐ ஒட்டி வாழ்ந்த ஜெகுத்திஹோதெப் என்னும் ஆளுநரின் கல்லறைச் சுவரில், அவருடைய பெரிய சிலை ஒன்றைச் சறுக்குச்சட்டத்தில் ஏற்றி, 172 பேர் நான்கு வரிசையாகக் கயிறு பிடித்து இழுக்கும் காட்சி தீட்டப்பட்டிருந்தது. சட்டத்தின் முன்னே நிற்கும் ஒருவர் தரையில் நீர் ஊற்றுகிறார். இதனை நெடுங்காலம் சடங்கு என்றே கருதினர். 2014ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர் சோதித்தபோது, சரியான அளவு ஈரமான மணலில் இழுவிசை ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் கண்டனர். உலர்ந்த மணல் சட்டத்தின் முன்னே குவிந்து தடுக்கும். ஈரமணல் இறுகி நிற்கும். நீர் ஊற்றியவர் தம் வேலையை அறிந்தே செய்தார்.

அச்சிலையின் எடை 58 டன் எனக் கணித்துள்ளனர். 172ஆல் வகுத்தால் ஒருவருக்குச் சுமார் 340 கிலோகிராம். இவ்விகிதப்படி, சமதரையில் 2.5 டன் கல்லை இழுக்க எட்டுப் பேர் போதும். சாய்வில் ஏற்ற மேலும் பலர் வேண்டும். 1990களில் கீசாவில் நடந்த செயல்முறைச் சோதனையில், இரண்டு டன் கல்லை ஏறக்குறைய இருபது பேர் இழுத்துச் சென்றனர்.

இனி, கல்லை மேலேற்றிய வழி. சாய்தளப் பாதைகளை அமைத்தே ஏற்றினர் என்பதில் ஐயமில்லை. அத்தகைய பாதைகளின் எச்சங்கள் பல இடங்களில் கிடைத்துள்ளன. ஹத்னூப் என்னும் கற்குழியில், குஃபுவின் காலத்துச் சாய்தளம் ஒன்று கண்டறியப்பட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று. மிகச் செங்குத்தான அப்பாதையின் இருமருங்கும் படிக்கட்டுகளும், மரத்தூண் நட்ட குழிகளும் உள்ளன. தூணில் கயிற்றைச் சுற்றி, கீழ்நோக்கி இழுத்து, கல்லை மேலேற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

பிரமிடில் அப்பாதை நேரானதா, சுற்றிச் சென்றதா, இரண்டும் கலந்ததா என்னும் விவாதம் தொடர்கிறது. உச்சிவரை நேர்ப்பாதை எனில், பத்துக்கு ஒன்று என்னும் சாய்வில் அது ஒன்றரைக் கிலோமீட்டரை நெருங்கும். அதைக் கட்டுவதே இன்னொரு பிரமிடைக் கட்டுவதாகிவிடும் என்று மறுப்போர் கூறுவர். இங்கே வடிவியல் நமக்குக் கைகொடுக்கிறது. பிரமிடின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 49 மீட்டருக்குக் கீழுள்ள பகுதி, மொத்தக் கல்லில் 70 விழுக்காட்டைக் கொண்டுவிடுகிறது. கீழ்ப்பாதியில் 87.5 விழுக்காடு. உச்சியிலுள்ள மூன்றில் ஒரு பங்கில் இருப்பதோ 4 விழுக்காட்டினும் குறைவு. மேலே செல்லும் பகுதி கூம்பின் சிறுபடியாதலால், மூன்றில் இரண்டின் கனத்தை ஒன்றிலிருந்து கழித்து இவ்விடையை மாணவர் தாமே பெறலாம். எனவே, பெரும்பாலான கற்களுக்குத் தாழ்வான, அகன்ற பாதைகளே போதுமானவை. எஞ்சிய சிறுபகுதியைக் குறுகிய சாய்தளங்களாலும் நெம்புகோல்களாலும் பொறுமையோடு ஏற்றலாம்.

மிகக் கடினமான வேலை உச்சியில் அன்று, நடுவில் இருந்தது. மன்னரின் அறைக்குக் கூரையாக ஒன்பது பெருங்கிரானைட்டுப் பாளங்கள் கிடத்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் பல பத்து டன் எடையுள்ளது. அவற்றின்மேல் ஐந்து வெற்றறைகளை அடுக்கி, உச்சியில் இரு கற்களைக் கூரைமுகடுபோல் சாய்த்து, மேலிருந்து அழுத்தும் சுமையைப் பக்கங்களுக்குத் திருப்பினர். 1837இல் இவ்வறைகளுக்குள் நுழைந்தோர், வேலைக்குழுவினர் செம்மையால் எழுதிய பெயர்களைச் சுவர்களில் கண்டனர். அவற்றுள் குஃபுவின் பெயரும் உண்டு. கட்டியபின் எவரும் நுழைய இயலாத இடத்தில் உள்ள எழுத்து அது.

5. யார் கட்டினார்கள்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஒரு நேரத்தில் 100,000 பேர், மூன்று மாதத்திற்கு ஒரு முறை மாறி மாறி, இருபது ஆண்டுகள் உழைத்தனர் என்று எழுதினார். ஆனால் அவர் சென்றபோதே பிரமிடு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. அவர் எழுதியது செவிவழிச் செய்தி. சவுக்கடிக்கு அஞ்சி அடிமைகள் கல்லிழுக்கும் காட்சியோ பிற்கால ஓவியங்களும் திரைப்படங்களும் பரப்பியது.

ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். இருபது ஆண்டுகள், நாளுக்குப் பத்து மணி நேரம் எனக் கொண்டால், 2.3 மில்லியன் கற்களுக்கு நாளொன்றுக்கு 315 கற்கள் வேண்டும். இரண்டு நிமிடத்திற்கு ஒரு கல். கேட்டவுடன் இயலாததாகத் தோன்றும். ஆனால் இருபது பேர் கொண்ட ஒரு குழு நாளுக்கு ஐந்து கற்களை இழுப்பதாக வைத்துக்கொண்டால், 63 குழுக்கள், அதாவது 1,260 பேர் போதும். இரட்டிப்பாக்கினாலும் மும்மடங்காக்கினாலும் ஒரு பேரரசின் ஆற்றலுக்கு உட்பட்டதே. கல் வெட்டுவோர், தச்சர், செம்புக் கொல்லர், படகோட்டிகள், நீர் சுமப்போர், அப்பம் சுடுவோர் அனைவரையும் சேர்த்து இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் பேர் என்பது இன்று பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. அதனினும் குறைவு என்போரும் உளர்.

இம்மக்கள் வாழ்ந்த ஊரே இன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. பிரமிடுகளுக்குத் தெற்கே மார்க் லேனர் தலைமையிலான குழு நடத்திய அகழாய்வில் நீண்ட தங்குகூடங்களும், அப்பம் சுட்ட பெரிய மண்அச்சுகளும், மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் எலும்புகளும் திரளாகக் கிடைத்தன. அதற்கு அருகே, 1990ஆம் ஆண்டில் ஒரு குதிரையின் கால் தடுக்கியதால் மண்சுவர் ஒன்று வெளிப்பட்டு, தொழிலாளரின் இடுகாடு கண்டறியப்பட்டது. ஸாஹி ஹவாஸ் தலைமையில் அதனை ஆராய்ந்தனர். அங்குள்ள எலும்புகள் இருவகைச் சான்று பகர்கின்றன. முதுகெலும்பும் முழங்காலும் தேய்ந்திருப்பதால் உழைப்பின் கடுமை தெரிகிறது. முறிந்த கை கால்கள் நேராகக் கட்டப்பட்டு ஒன்றுகூடியிருப்பதால், அவர்களுக்கு மருத்துவம் கிடைத்ததும் தெரிகிறது. மன்னரின் பிரமிடைக் காணும் தொலைவில் அவர்களுக்குக் கல்லறையும் கிடைத்தது.

இவ்வேலை முழுதும் விருப்பத்தால் நிகழ்ந்தது என்றும் கூறிவிட இயலாது. அரசுக்கு உழைப்பை வரியாகச் செலுத்தும் கடமை மக்களுக்கு இருந்தது. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவர்கள் பெயரற்ற கூட்டமாகவும் இல்லை. ‘குஃபுவின் நண்பர்கள்’, ‘மென்கவுரேயின் குடிகாரர்கள்’ என்றெல்லாம் தங்கள் குழுக்களுக்குப் பெயரிட்டுக் கற்களில் எழுதிச் சென்றனர். ஒரு குழு மற்றொன்றோடு போட்டியிட்டு மகிழ்ந்த குரல் அப்பெயர்களில் கேட்கிறது.

6. மெரெரின் நாட்குறிப்பு

2013ஆம் ஆண்டு வரை, மாபெரும் பிரமிடு கட்டப்பட்ட நாள்களில் அவ்வேலையில் ஈடுபட்ட ஒருவர் எழுதிய ஆவணம் எதுவும் நம்மிடம் இல்லை. அவ்வாண்டு, செங்கடற்கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃப் என்னும் பழந்துறைமுகத்தில் பியர் தல்லே தலைமையிலான குழுவினர் பாப்பிரஸ் ஏட்டுத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். எழுத்துள்ள பாப்பிரஸ் ஏடுகளுள் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவை. குஃபுவின் ஆட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்தவை.

அவற்றுள் ஒன்று, மெரெர் என்னும் மேற்பார்வையாளரின் பணிக்குறிப்பு. அவருக்குக் கீழ் ஏறத்தாழ நாற்பது பேர். அவர்கள் வேலை, துராவில் வெண்கல்லைப் படகில் ஏற்றி, நைல் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கீசாவுக்குக் கொண்டு சேர்ப்பது. இன்று துராவில் கல் ஏற்றினோம், இன்று படகு புறப்பட்டது, இன்றிரவு இன்ன இடத்தில் தங்கினோம் என நாள்தோறும் குறித்து வந்திருக்கிறார். பத்து நாளில் இரண்டு மூன்று முறை சென்று திரும்பியுள்ளனர். பிரமிடை அவர் ‘குஃபுவின் அடிவானம்’ என்னும் பொருளுடைய பெயரால் குறிக்கிறார். துறையின் பொறுப்பில் இருந்தவராக மன்னரின் உடன்பிறப்பு முறையினரான அங்க்ஹாஃபின் பெயரும் வருகிறது. உடன் கிடைத்த வேறு ஏடுகளில், குழுவினருக்கு வந்த தானியக் கணக்கு உள்ளது.

இக்குறிப்பில் வியப்பும் இல்லை, பெருமிதமும் இல்லை. உலக அதிசயம் ஒன்றில் பங்கேற்கிறோம் என்னும் எண்ணம் மெரெருக்கு இருந்ததோ, நாம் அறியோம். கல் எப்போது ஏறியது, படகு எப்போது சேர்ந்தது, உணவு எவ்வளவு வந்தது என்பதே அவர் கவலை. பிரமிடைக் கட்டிய பேராற்றல் எது என்று கேட்டால், இக்குறிப்பையே காட்டலாம். ஆயிரக்கணக்கானோரின் வேலையை நாள் நாளாகப் பகுத்து, எழுதி, கணக்கு வைத்து, உணவளித்து, ஒரே இடத்தில் கொண்டு சேர்த்த ஒழுங்கே அது.

நிறைவாக

மாபெரும் பிரமிடு தன் கதை முழுவதையும் இன்னும் கூறிவிடவில்லை. வானிலிருந்து வரும் மியூவான் துகள்களைக் கொண்டு ஆராய்ந்தோர், உள்ளே 30 மீட்டருக்குக் குறையாத நீளமுடைய வெற்றிடம் ஒன்று இருப்பதை 2017இல் அறிவித்தனர். வடக்கு வாயிலின் பின்னே ஒன்பது மீட்டர் நீளமுள்ள நடைகூடம் ஒன்று 2023இல் உறுதிப்படுத்தப்பட்டது. நாளைய மாணவர் செய்ய வேண்டிய வேலை இன்னும் உண்டு.

எனவே, “இவற்றை மனிதர்கள்தாம் கட்டினார்களா?” என்று மாணவர் கேட்கும்போது, “ஆம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். வளைந்த பிரமிடின் படத்தைக் காட்டி, பக்கம் ஏன் வளைந்தது என்று கேட்கலாம். 440, 280 என்னும் இரண்டு எண்களைக் கொடுத்து, சாய்வைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். கீழ் மூன்றில் ஒரு பங்கில் எவ்வளவு கல் உள்ளது என்று கணக்கிடச் சொல்லலாம். இறுதியில், துராவிலிருந்து கல்லேற்றிப் புறப்பட்ட மெரெரைப் பற்றிக் கூறலாம். தாமே கணக்கிட்டுக் கண்ட மாணவருக்கு வேற்றுக்கோள் கதை தேவைப்படாது. நாற்பது பேரோடு ஒரு படகில் வெண்கல்லைக் கொண்டுவந்து சேர்த்து, அன்றிரவே அதைக் குறித்துவைத்த மனிதர் ஒருவரை அவர் அறிந்திருப்பார்.